கேட்காமல் நிறுத்திய கேசட்

தொரை,

நேற்று உங்கள் பச்சைப் பெட்டியைத் திறந்தேன். அடியில் கிடந்த உங்கள் சட்டைக்குள் நான் சுற்றி வைத்த அந்தக் கேசட் இருந்தது. அத்தர் வாசனை இன்னும் போகவில்லை. அது மூக்கில் ஏறியதுமே என் கை தானாகக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருசம் ஆகியும் பாருங்கள்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அரபு நாட்டிலிருந்து முதல் லீவில் வந்து இறங்கினீர்களே, அன்றைக்கு வைத்த பெயர்தான் தொரை. "தொரை சாப்பிட வாரீகளா?" என்று கூப்பிட்டால் உங்களுக்குச் சிரிப்புத் தாங்காது. அங்கே நீங்கள் வெள்ளைக்காரர்களைப் பெரிய வண்டியில் உட்காரவைத்து, பாலைவனத்து மணல் மேடுகளில் ஏற்றி இறக்கிச் சுற்றிக் காட்டுகிற டிரைவர். அது தெரிந்த நாளிலிருந்துதான் எனக்குப் பயம்.

அந்தப் பயத்தைப் போக்கத்தானே கண்டனூர் ஆச்சி வீட்டு ஜீப்பைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். அரபு நாட்டுக்குப் போகும் முன் நீங்கள் ஓட்டிய வண்டி. என்னை ஏற்றிக்கொண்டு வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கினீர்கள். நிறுத்தி, நாலு டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கி விட்டீர்கள். புஸ்ஸென்று அது போக, எனக்கு உயிர் போவது போல இருந்தது.

"காத்து இல்லாம எப்படிங்க ஓடும்?"

"கொறைஞ்சாத்தான் புள்ள மணல்ல பொதையாது. ஒட்டகத்துக் காலு மாதிரி பரந்துக்கிரும்."

கரைமேல் ஏறும்போது கண்ணாடியில் மண் தெரியவில்லை, மரம் தெரியவில்லை, வானம் மட்டும்தான். நான் ஸ்டியரிங்கில் இருந்த உங்கள் கையைப் பிடித்துவிட்டேன். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"என் கையைப் பிடிக்காத! முன்னாடி இருக்க கம்பியைப் பிடி!"

கல்யாணமாகி அதுவரை நீங்கள் என்னிடம் கத்தியதே இல்லை. அந்தப் பக்கம் இறங்கி நின்றதும் தண்ணீர் கொடுத்தீர்கள். "பயமெல்லாம் ஏறுற வரைக்கும்தான். உச்சிக்குப் போயிட்டா ஒண்ணுமில்ல" என்றீர்கள். நீங்கள் பயப்படாத ஆள் என்று நம்பினேன்.

அப்போதெல்லாம் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நமக்குள் கடிதம் கிடையாது, கேசட்தான். லீவில் வருகிறவர்களிடம் நீங்கள் பேசிக் கொடுத்துவிடுவீர்கள். நாங்கள் கேட்டு முடித்துவிட்டு, அதே கேசட்டில் உங்கள் பேச்சின் மேலேயே எங்கள் பேச்சைப் பதிந்து, திரும்பிப் போகிறவர்களிடம் கொடுப்போம். நம் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒருவர் பேச்சை அழித்துத்தான் மற்றவர் பேச முடியும். அப்போது அது தவறாகவே தோன்றவில்லை.

இந்தக் கேசட்டை நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டே பதிந்திருந்தீர்கள். டேப்பைச் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். "இங்குட்டுப் பாத்தாலும் மணலு, அங்குட்டுப் பாத்தாலும் மணலு. பொழுது எறங்குறப்ப நம்மூரு செம்மண்ணு மாதிரி செவந்துருது புள்ள. இந்தா, ஏறப்போறேன், கேளு." எஞ்சின் உறுமியது. அப்புறம் எல்லாச் சத்தமும் நின்று, வெள்ளைக்காரப் பெண்கள் அலறினார்கள். நான் பட்டென்று டேப்பை நிறுத்திவிட்டேன்.

"ஏண்டி, என் மகன் அங்குட்டு வண்டி ஓட்டுறான், நீ இங்குட்டுக் கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்க. கட்டிலு கவுந்துருமா?" என்றார் அத்தை. கேசட் கேட்க வந்திருந்த தெருக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மறுபடி அமுக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். அந்த அலறல் வரைக்கும் கேட்பேன், நிறுத்துவேன். அதைத் தாண்ட என்னால் முடியவில்லை.

முழுதாகக் கேட்காததை அழிக்க மனம் வரவில்லை. அதனால் பதிலுக்கு ஒரு மாதா கோயில் பாட்டுக் கேசட்டை எடுத்தேன். பாட்டுக் கேசட்டில் சாதாரணமாக நம் பேச்சு பதியாது; விளிம்பில் இருக்கும் இரண்டு பள்ளத்திலும் காகிதத்தை மடித்து அடைத்தால் அதிலும் பதியலாம். அத்தை பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பேசினேன்.

"தொரை, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. சம்பாரிச்சது போதும். அந்த வேலை வேணாம். ஆச்சி வீட்டு ஜீப்பையே ஓட்டுங்க, கஞ்சி குடிச்சுக்கிருவோம். வந்துருங்க."

திருப்பிப் போட்டுக் கேட்டேன். ஒப்பாரி மாதிரி இருந்தது என் குரல். நீங்கள் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது இந்தக் குரல் நினைவுக்கு வந்தால்? மறுபடியும் ஸ்டியரிங்கில் உங்கள் கையைப் பிடித்தது போல ஆகிவிடாதா? அதை அழித்தேன். அதன்மேல், "எல்லாரும் சொகமா இருக்கோம். இப்பப் பயமெல்லாம் போயிருச்சு. நீங்க நிம்மதியா ஓட்டுங்க" என்று பேசி அனுப்பினேன்.

கொண்டுபோய்க் கொடுத்தவர் பின்னால் வந்து சொன்னார். "ரெண்டு தரம் போட்டுக் கேட்டாரு அக்கா. அப்புறம் வண்டிச் சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு." கேசட் போய்ச் சேர்ந்த மாதம் முடிவதற்குள் மணல் மேட்டில் உங்கள் வண்டி புரண்டது. இந்தப் பச்சைப் பெட்டிதான் வீடு வந்து சேர்ந்தது.

நேற்றுத்தான் முழுதும் கேட்டேன். கட்டில் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அந்த அலறலைத் தாண்டினேன். அதற்குப் பிறகு அவர்கள் சிரிக்கிறார்கள், கை தட்டுகிறார்கள். கதவு திறந்து சாத்துகிற சத்தம். பொழுது சாய்வதைப் பார்க்க இறங்கிப் போயிருப்பார்கள். நீங்கள் மட்டும் வண்டியில் இருக்கிறீர்கள். டேப் ஓடுவதை மறந்துவிட்டீர்கள். மூச்சு இரைக்கிறது. வெகுநேரம் அந்த மூச்சு மட்டும்தான். அப்புறம் மெதுவாக, "மாதாவே, இன்னைக்கும் காப்பாத்திட்ட" என்கிறீர்கள்.

இன்றைக்கும் என்றால், தினம்தினம் அப்படித்தானே இருந்திருக்கிறீர்கள்.

பஸ் ஒரு வளைவில் திரும்பினாலும் என் கை இன்னும் கம்பியைத்தான் தேடுகிறது. பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்கள் கையைப் பிடிப்பதில்லை. நீங்கள் சொன்னதை இதுவரை மீறவில்லை, தொரை. ஆனால் அன்றைக்கு அந்தப் பாட்டுக் கேசட்டில் நான் முதலில் பேசியதை அழிக்காமல் அனுப்பியிருந்தால், வந்திருப்பீகளா?