ஆறேகாலில் நின்ற கோடு

இல்லை, அழுகல் வாசனை இல்லை அது. கடைக்காரர்தான் அப்படிச் சொன்னார். கூரை ஒழுகி ஒரு மூட்டை பார்லி நனைந்துவிட்டது. தூக்கிப் போடுவதற்காக வாசலில் வைத்திருந்தார். குடையை மடக்கிவிட்டு நின்றேன். வெள்ளரிக்காயை அப்போதுதான் நறுக்கிய மாதிரி ஒரு வாசனை. மூட்டைக்குள் கையை விட்டேன். உள்ளே கதகதப்பு. ஒவ்வொரு மணிக்கும் வெள்ளையாக ஒரு வால்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீ போய் இத்தனை மாதமாகியும் முதலில் தோன்றுவது அதுதான்.

கொடைக்கானலில் ஒரே அறை, இரண்டு கட்டில். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வகுப்புகள். உனக்கு ஜாம் தொழிற்சாலையில் லேப் வேலை. நுண்ணுயிர்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவள், நாள் முழுக்கப் பழக்கூழின் இனிப்பை அளந்துகொண்டிருந்தாய்.

"ஜாம்ல உயிரே கிடையாதுடி. உயிர் வந்துறக் கூடாதுன்னுதான் எனக்குச் சம்பளம்."

சீசன்தோறும் பெங்களூரிலிருந்து ஒரு பீர் ஆலையின் அதிகாரி குடும்பத்தோடு வருவார், ஜாம் வாங்க. அவரிடம் வேலை கேட்டாய். லேபில் பெண்களை எடுத்ததே இல்லை என்றார். நீ வழியை விடவில்லை. ஊருக்குப் போனவர் தபாலில் ஒரு பொட்டலம் அனுப்பினார். பீருக்குக் கசப்புக் கொடுக்கும் ஹாப்ஸ் பூ, காய்ந்தது. அடுத்த சீசனுக்குள் நீங்களே செய்து ஒரு பாட்டில் காட்டுங்கள், பேசலாம் என்று சொல்லியிருந்தார். வேடிக்கைக்குத்தான் சொல்லியிருப்பார். உனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. பூ ஒரு தடவைக்குத்தான் காணும். அதனால் ஒரே ஒரு வாய்ப்பு.

பார்லி மன்னவனூர் பஸ்ஸில் வந்தது. நனைத்துச் சாக்கில் கட்டி என் கட்டிலுக்கடியில் முளைக்க வைத்தாய். உன் கட்டிலுக்கடியில் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "உனக்குத்தான் நல்லாத் தூக்கம் வரும்" என்றாய். முளைத்ததைக் காயவைக்க வெயில் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பனிமூட்டம். கடைசியில் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிஞ்சும் சூட்டுக்காக.

"என்னத்தா இது, கோழித் தீவனமா?" பேக்கரி அண்ணன்.

"மனுசத் தீவனம்ணே. கொஞ்சம் ஈஸ்டும் குடுங்க."

கீழ் வீட்டு ரோசம்மா அக்காவிடம், அவர்தான் வீட்டுக்காரர், பார்லித் தண்ணீர் என்று சொல்லி வைத்தோம். நீர்க்கடுப்புக்கு.

"குடம் குடமாக் குடிக்கிற அளவுக்கு அப்படி என்ன கடுப்பு?" என்றார். நீ மேலே பார்த்தாய். நான் கீழே பார்த்தேன்.

சனிக்கிழமைகளில் ரிஃப்ராக்டோமீட்டர் உன் பையில் வீட்டுக்கு வரும். ஒரு சாண் நீளக் குழாய், முனையில் சாய்ந்த கண்ணாடி. அதில் ஒரு சொட்டு விட்டு மூடி, ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணை வைத்தால் உள்ளே நிழலும் வெளிச்சமும் பிரிகிற ஒரு கோடு. கோடு நிற்கும் எண்தான் இனிப்பு. காய்ச்சிய அன்று பன்னிரண்டு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்க வேண்டும். இறங்கியது. ஆறேகாலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அடுத்த சனிக்கிழமையும் ஆறேகால்.

அதற்குள் சீசன் வந்துவிட்டது. அதிகாரி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்.

"நுரை அடங்கிருச்சே. முடிஞ்சிருக்கும்" என்றேன்.

"எங்க முடிஞ்சது? பாதிச் சர்க்கரை அப்படியே கெடக்கு. குளிருக்கு ஈஸ்ட் படுத்துக்கிச்சு. இப்ப அடைச்சுக் குடுத்தோம்னா மலையெறங்கி வத்தலக்குண்டு வெயில்ல முழிச்சிரும். அந்த மனுசன் கார்லயே பாட்டில் வெடிக்கும்."

"வெடிச்சா?"

"அப்புறம் எந்தப் பொம்பளைக்கும் அங்க வேலை கிடையாது."

ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன். கசப்பு. இனிப்பே இல்லை என்றேன்.

"ஒன் நாக்குக்கு எந்த லேப்ல சர்ட்டிபிகேட் குடுத்தாங்க?"

பீர்ப் பானையைச் சுற்றி நம் இரண்டு கம்பளியையும் கட்டினாய். நான் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுத் தூங்கினேன். ஈஸ்ட் சொகுசாக இருந்தது. அந்த வாரம் ரிஃப்ராக்டோமீட்டர் தினமும் வீட்டுக்கு வந்தது. கோடு அசையவில்லை.

ரோசம்மா அக்காவுக்கு எந்தத் திரவத்தின் மேலும் நம்பிக்கை கிடையாது. தினமும் பால்காரரை வாசலில் நிறுத்தி, தண்ணீர் கலந்திருந்தால் முங்கிக் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் பாலை உள்ளே விடுவார். அதிகாரி கிளம்ப ஒரு நாள்தான் பாக்கி. காலையில் அந்த லாக்டோமீட்டரும் கையுமாக அக்கா மாடிக்கு வந்தார். ஜன்னலோரம் உயரமான கண்ணாடியில் நீ எடுத்து வைத்திருந்த பீர். நுரை ஓய்ந்திருந்தது. கேட்காமலே லாக்டோமீட்டரை அதில் விட்டார்.

"ஏ புள்ளைகளா, இந்த முங்கு முங்குது? பாதிக்கு மேல தண்ணி."

"அக்கா, அது பால் இல்ல. பார்லி."

"எதுவா இருந்தா என்ன? எவனோ ஒங்கள நல்லா ஏமாத்தியிருக்கான்."

நீ பல் விளக்கிக்கொண்டிருந்தாய். வாயில் நுரையோடு ஓடி வந்தாய். இன்னொரு கண்ணாடியில் தண்ணீர் எடுத்துச் சர்க்கரையைக் கரைத்தாய், ரிஃப்ராக்டோமீட்டர் அதே ஆறேகாலைக் காட்டும்வரை. அதில் லாக்டோமீட்டரை விட்டால் பால் கோட்டை ஒட்டி மிதந்தது. பீரில் விட்டால் முங்கியது. ஒரே எண் காட்டிய இரண்டு கண்ணாடி. ஒன்று கனம், ஒன்று நீர்த்தது.

"ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது" என்றேன்.

"ரெண்டும் நெசந்தான் சொல்லுது. கேள்விதான் வேற வேற."

படியில் உட்கார்ந்தாய். வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாய். ரிஃப்ராக்டோமீட்டருக்குச் சர்க்கரை என்றால் என்னவென்று தெரியாது. வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்று மட்டும்தான் தெரியும். சர்க்கரை வளைக்கும். சாராயமும் வளைக்கும். தின்ற சர்க்கரை சாராயமாகி அதே எண்ணுக்குள் நிற்கிறது.

"அப்ப எது எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்கிறது?"

"ஜாம்காரி எதையும் எப்படிச் சரி பண்ணுவா? கொதிக்க வைப்பா."

ஒரு டம்ளர் அளந்து ஊற்றி, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டாய். சாராயம் ஆவியோடு போயிற்று. குறைந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, ஆறவைத்து, ஒரு சொட்டு. ஜன்னல் பக்கம் திரும்பினாய். குழாயை என்னிடம் நீட்டினாய். கோடு நாலரையில்.

"சர்க்கரை ஆவியாப் பறக்காதுடி. கொறஞ்சது அத்தனையும் சாராயம்."

"மிச்ச நாலரை?"

"அது ஈஸ்ட் தொடவே தொடாத மிச்சம். எல்லாப் பீர்லயும் கெடக்கும். வா வெரசா, பாட்டிலைக் கழுவு."

நுரைக்காக ஒரு சிட்டிகைச் சர்க்கரை போட்டு ஸ்குவாஷ் பாட்டில்களில் அடைத்தோம். மறுநாள் வெள்ளனே அவருடைய காட்டேஜ் வாசலில் நின்றோம். காரில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இப்போதே திறக்கலாமா என்றார்.

"பத்து நாள் போகட்டும் சார். அதுவரைக்கும் வெடிக்கலேன்னா என் கணக்கு சரி."

"வெடிச்சா?"

"ஒங்க கணக்கு சரி."

அவர் சிரிக்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, பாட்டிலை மடியில் வைத்துக்கொள்ள முடியாது, துண்டில் சுற்றிப் பின்சீட்டுக்கடியில் வை என்றார்.

அந்தப் பத்து நாளில் நீ நினைப்பில்லாமல், ஜாமை இறுக வைக்கும் பெக்டினை இரண்டு தடவை போட்டாய். பிறகு ட்ரங்க் கால் வந்தது. எடுத்தவர் உன் மேனேஜர்.

"பெங்களூர்லேருந்தும்மா. வெடிக்கலையாம். நல்லாருந்துச்சாம். சேர்றதப் பத்திப் பேசணுமாம். எதும்மா வெடிக்கல?"

மழை பிடித்த வாரத்தில் பஸ் ஏறினாய். அந்த லேபில் முதல் பெண். முதல் விடுமுறையில் வந்து நீ சொன்னது: "எனக்காகத் தனியாக் கக்கூஸ் கட்டுனாங்கடி. கட்டி முடிக்கிறவரைக்கும் நான் ஒரு வாய் தண்ணி குடிக்கல. அதுவும் பீர் ஆலையில." ரோசம்மா அக்கா சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். எந்த ஆலை என்று அன்றுதான் அவருக்குத் தெரியும். "அப்ப அந்தப் பார்லித் தண்ணி?" என்றார். "நீங்கதான் அக்கா டெஸ்ட் பண்ணீங்க" என்றாய்.

சில வருஷம் கழித்து, காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை என்று போனில் சொன்னார்கள். உன்னை மலைக்குக் கொண்டுவந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் பனி இறங்கியிருந்தது. பெங்களூரிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். மூன்று ஆண்கள், மலைப்பாதை ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளுத்து. நாலாவது ஒரு பெண், மெல்லிய சேலையில். எல்லாம் முடிந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"நீங்கதானே அந்த ரூம்மேட்? கம்பளியக் குடுத்தவங்க?"

"நான் குடுக்கல. அவ எடுத்துக்கிட்டா."

அவள் சிரித்தாள். நானும். அன்றைக்கு அது முதல் தடவை.

"எங்க லேப்ல புதுசா யார் சேர்ந்தாலும் மேடம் மொதல்ல இதத்தான் செய்யச் சொல்வாங்க. குழாய்ல பாத்த நம்பர நம்பக் கூடாது. ஒரு டம்ளர் கொதிக்க வெச்சுத் தண்ணி சேத்து மறுபடியும் பாக்கணும். அதுக்கு ஒரு பேர் வெச்சிருக்கோம்."

"என்ன பேர்?"

"கொடைக்கானல் ரீடிங். நாங்க மூணு பொண்ணுங்க இருக்கோம் இப்ப. மூணு பேரும் அதுலதான் ஆரம்பிச்சோம்."

அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறேன். யாரையாவது பற்றி ஒரு முடிவு எனக்குள் அசையாமல் நின்றால், கொதிக்க வைத்தாயா என்று கேட்டுக்கொள்கிறேன். பல நேரம் எண் இறங்குகிறது. சில நேரம் இறங்குவதில்லை. அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குக் குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. என் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். நாலு பேரையும் கேட்டுக்கு வெளியே இருந்த கடைக்கு அழைத்துப் போய் டீ சொன்னேன்.