பேர் போடாமல் சொன்ன பாதி

ரிஷிவந்தியம்
ஆடி 20

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அண்ணன் மாயவன், அண்ணி விஜயலட்சுமி, பிள்ளை சுபஸ்ரீ, போன வாரம் இரண்டு குட்டி போட்ட கறுப்பாடு வரைக்கும் எல்லோரும் சுகம். கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பாரதியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க நம் அர்த்தநாரீசுவரர் துணை. போனில் பேசினால் நீ சாப்ட்டியா என்பாய், நான் சாப்ட்டேன் என்பேன், அதோடு முடிந்துவிடும். ஆறு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது, அதனால்தான் இந்தக் கடுதாசி. சுபஸ்ரீ போனில் அடித்து அனுப்புகிறேன் என்றாள், ஐந்தாவது படித்த கை எனக்கு இருக்கிறது போடி என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணன் மரவள்ளி லோடு ஏற்ற வெள்ளிமலைக்குப் போனவன் நல்ல சாமை நாலு படி வாங்கி வந்திருக்கிறான். விஜயலட்சுமிக்கு முட்டிவலி தேவலை. போன தை ஒன்பதாம் தேதி என் பித்தளைச் சொம்பை நசுக்கினாளே, அதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம், வாம்மா என்று நீ மூன்று தரம் கூப்பிட்டாய். நான் பார்க்கலாம் பார்க்கலாம் என்றேன். போவதா வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அப்போதுதான் சுபஸ்ரீ அவள் போனில் ஒன்றைக் காட்டினாள். நம் ஜில்லாப் பெண்கள், வெளியூரில் வாக்கப்பட்டவர்கள் கூட, எல்லாம் சேர்ந்து ஒருத்திக்கொருத்தி யோசனை சொல்லிக்கொள்ளும் இடமாம். "ஆயா, பேரு போடாமயே இன்னா வேணா கேக்கலாம், யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஊரைத் திருக்கோவிலூர் ஆக்கினேன், ஆறு வருஷத்துக்கு முந்தின உன் வளைகாப்பைக் காதுகுத்து ஆக்கினேன், உன்னைத் தங்கச்சி ஆக்கினேன். ஏழு தூக்கில் ஏழு வகைச் சாதம் கிளறிக்கொண்டு போனேன், என் சாதத்தைத் தோட்டத்தில் துணி துவைக்கிற கல்லண்டை ஒதுக்கிவிட்டு ஓட்டல் சாதம் பரிமாறினார்கள், இப்போது விசேஷத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று கேட்டேன். ஒரே நாளில் நூற்று நாற்பது பேர் பதில் எழுதினார்கள். போகாதீங்க, மானம்தான் பெருசு, அந்த வாசலை மிதிக்காதீங்க என்று வரிசையாக இருந்தது. எனக்கு வாயெல்லாம் பல்லு, சுபஸ்ரீயை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன்.

நூற்று நாற்பத்தொன்றாவதாக ஒருத்தி, அவளும் பேர் போடாமல், எழுதியிருந்தாள். அப்படியே சொல்கிறேன், எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. "அக்கா, அந்த சாதம் நல்லாத்தான் இருந்துச்சா? அத நீங்க எழுதலியே. எங்கம்மாவும் என் வளகாப்புக்கு ஏழு தூக்கு எடுத்தாந்தாங்க. மூடிய மஞ்ச சீலக் கிழிசல்ல கட்டியிருந்தாங்க. அவுத்துப் பாத்தா எல்லாம் ஊசிப்போயிருந்துச்சி. மாமியார் வூட்டு ஜனம் முன்னாடி எங்கம்மா தல குனியக் கூடாதுன்னு, எனக்கு ஓட்டல் சாதம்தான் வாய்க்குப் புடிக்குதுன்னு நானே சொல்லி வாங்கியாற வெச்சேன். அம்மா கோவிச்சிக்கினு போய்ட்டாங்க. சொன்னா அவங்களுக்கு அவமானம், சொல்லாட்டி எனக்கு அம்மா இல்ல. உங்க தங்கச்சிய ஒரு வாட்டி கேட்டுப் பாருங்க அக்கா."

மஞ்சள் சீலைக் கிழிசல் என்றதும், அது நான் கிழித்துக் கட்டினது, எழுதினது நீ என்று தெரிந்துவிட்டது. பெற்ற மகளே என்னை அக்கா என்கிறாளே என்று ஒரு நிமிஷம் சிரிப்பும் வந்தது, அப்புறம் வரவில்லை.

அருளு, இதைப் பேனா பிடித்துத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சாதம் கெட்டது எனக்கு அன்றைக்கே தெரியும். வைகாசி வெயில் என்று தெரிந்தும் முதல் நாள் சாயங்காலமே கிளறி, ஆறவைக்காமல் சூட்டோடு மூடிக் கட்டினவள் நான். ஆத்தூர்கிட்ட பஸ் டயர் வெடித்து இரண்டரை மணி நேரம் நின்றோம். சேலத்தில் தேங்காய்ச் சாதத் தூக்கைத் திறந்தேன், குப்பென்று வாடை. மறுபடியும் கட்டிவிட்டேன். கல்லண்டை தூக்கைப் பார்த்தபோது ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. தப்பை ஒத்துக்கொள்வதைவிடக் கோபப்படுவது சுலபமாக இருந்தது. தலைப்பிரசவத்துக்கு உன்னை அனுப்பவில்லை என்பதையும், தங்கச்சியை எங்களோடு அனுப்பவில்லை என்று மாற்றி அந்தப் போனில் எழுத வைத்தேன். நீ என்னோடு வரப் பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாய், பச்சைப் பை. நான்தான் அதைத் தாண்டிக்கொண்டு பஸ் ஏறினேன். யோசனை சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நான் கொடுத்த பாதிக்குத்தானே அவர்கள் பதில் சொன்னார்கள். பேர் இல்லை என்ற தைரியத்தில் நான் பொய் சொன்னேன், அதே தைரியத்தில் நீ என் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத நிஜத்தைச் சொல்லியிருக்கிறாய்.

மறுநாள் மிச்சப் பாதியையும் போடச் சொன்னேன், என் பேரோடு. "ஆயா, ஊருல பாதி பொம்பளைங்க இதுலதான் கீறாங்க, மானம் பூடும்" என்று சுபஸ்ரீ பயந்தாள். போகட்டும், அடி என்றேன். அதைப் போட்டது நேற்று. உன் கண்ணில் பட்டதோ இல்லையோ, எதற்கும் இருக்கட்டும் என்று இன்றைக்கு இதை எழுதுகிறேன். நாலு பேர் தங்கள் பேரோடேயே திட்டியிருக்கிறார்கள், யார் யார் என்று ஞாபகம் வைத்திருக்கிறேன். ஒருத்தி மட்டும், நானும் எங்கம்மாவுக்குப் போன் பண்ணப்போறேன் என்று எழுதியிருக்கிறாள்.

பால் காய்ச்சுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நானும் அப்பாவும் வந்துவிடுவோம். சாமையை அப்படியே கொண்டு வருகிறேன், உன் அடுப்பில் வைத்துச் சமைத்துச் சூட்டோடு போடுகிறேன். பாரதியின் தலையைப் போனில் பார்த்தேன், பரட்டையாகக் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் வை. நான் கிளம்பின அன்றைக்கு உன் மாமியார் இருங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது எனக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் வந்த இடத்தில் கிளப்ப மாட்டேன். சாதம் ஊசிப்போன சங்கதியை மட்டும் நீ அவர்களிடம் சொல்லிவிடாதே. ஆறு வருஷம் நீ சுமந்தது போதும், நான் வந்து என் வாயால் சொல்கிறேன். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், புது வீட்டில் நிறைய வருஷம் விளக்கேற்றி நல்லா இருங்கள். அந்தப் பச்சைப் பை இருந்தால் எடுத்து வை, திரும்பும்போது உன்னையும் பிள்ளையையும் பத்து நாளாவது கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
ஏழு தூக்கையும் ஆறவைக்காமல் கட்டின உன் அம்மா,
பொன்னுரங்கம் சம்சாரம் குஞ்சம்மாள்,
ரிஷிவந்தியம்.
(பேர் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.)