சந்தனம் பூசிய பிளாப்பி

29.9.95, வெள்ளி

மதியம் வரை கரண்ட் இல்லை. வந்ததும் கும்பாபிஷேக மலரின் கடைசிப் பக்கத்தை அடித்து முடித்தேன். திருச்சுழிப் பக்கத்துக் கிராமக் கோயில். மலரில் பாதி உபயதாரர் பெயர்கள்தான். ஒரு மாதமாக அடித்தது. கடைக்காரர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "ஒருவழியா முடிச்சிட்டியா ஜெகதீஸ்வரி?" என்றார். அவர் வாயிலிருந்து இதற்குமேல் பாராட்டு வராது. அவர் பெயரில் கம்ப்யூட்டர் சென்டர் என்று போர்டு தொங்குகிறது. கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது ஸ்விட்ச் மட்டும்.

1.10.95, ஞாயிறு

ஆயுத பூஜைக்காகக் கடையைக் கழுவிவிட்டோம். மெஷினில் இடமே இல்லை, தீபாவளி நோட்டீஸ் வேலை வேறு வரப்போகிறது. "மலரை பிளாப்பியில ஏத்திட்டு உள்ள இருக்கிறத அழிச்சிரு" என்றார் அண்ணாச்சி. இன்னொரு பிளாப்பியிலும் ஏற்றட்டுமா என்று கேட்டேன். "ஒண்ணு போதும், வீணாக்காத." ஏற்றினேன், அழித்தேன், பாலவனத்தம் பஸ் பிடித்து வீடு வந்தேன்.

2.10.95, திங்கள்

பூஜை. நாளைக்கும் மெஷினைத் தொடக்கூடாது. விரல்களுக்கு நல்லது.

4.10.95, புதன்

எழுதக் கை வரவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

கறுப்பு அட்டை போல இருக்கும் அந்த பிளாப்பியில் நீளமாக ஒரு திறப்பு உண்டு. அது வழியே உள்ளே இருக்கும் தட்டு தெரியும். அடித்ததெல்லாம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. அண்ணாச்சி பூஜையில் சரியாக அந்த இடம் பார்த்துச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருக்கிறார். காய்ந்து பொருக்காகிக் கிடக்கிறது. துடைத்துப் போட்டால் மெஷின் கரகரவென்று கத்துகிறது. ஒரு எழுத்து வரவில்லை.

கோயில் கமிட்டிக்காரர் சின்னத்துரை ஐயா முன்னால் அண்ணாச்சி சொன்னது இது: "நான் எப்ப அழிக்கச் சொன்னேன்? பொட்டப்பிள்ளைய நம்பி மெஷின்ல உக்கார வச்சேன் பாருங்க, அதான் தப்பு."

சொன்னீர்கள் என்றேன். பதில் பேசுகிறேன் என்று அதற்கும் திட்டு! சந்தனத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது சாமி காரியமாம்.

5.10.95, வியாழன்

பஜாரில் பேச்சு பரவி அண்ணன் காதுக்கு வந்துவிட்டது. "நீ வேலைக்குப் போயி கிழிச்சது போதும். இந்த வாரத்தோட நின்னுக்க. காரியாபட்டிக்காரவுக பொண்ணு பாக்க வாரேங்காக, இந்த நேரத்துல இந்தப் பேரு தேவையா?" மாரிசெல்வம் அண்ணன் ஒரு முடிவு சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்த தப்பு என்ன? யாராவது சொல்லுங்களேன்!

மதுரையிலிருந்து சர்வீஸ் ராம்குமார் வந்தார். "அழிச்சது அழிச்சதுதான்மா. தீபாவளி கழிச்சு மெஷினைத் தூக்கிட்டுப் போயிப் பாக்கலாம். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க." அதற்குள் என் வேலை போயிருக்கும். மெஷினில் டாஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் போனால் மெஷின் படுத்துவிடும் என்று முதல் நாளிலிருந்தே என்னைப் பயமுறுத்தி வைத்திருப்பவரும் இவர்தான்.

6.10.95, வெள்ளி

அண்ணாச்சி கமிட்டியைச் சமாதானப்படுத்தத் திருச்சுழி போனார். கடைச் சாவி என்னிடம். படுத்தால் படுக்கட்டும் என்று டாஸுக்குள் போனேன்.

மெஷின் படுக்கவில்லை. திரை கொள்ளாமல் பெயர்கள் வந்தன. 'ஹெல்ப்' என்று அடித்தால் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வருகிறது. வைரஸ் பார்க்க ஒன்று, டிஸ்க்கைச் சரிபார்க்க ஒன்று. எல்லாம் மெஷினோடு வந்தவை! இதற்குத்தானா ராம்குமார் வரும்போதெல்லாம் எங்களை டீ குடிக்கப் போகச் சொல்லிவிட்டுத் தனியாக உட்கார்ந்து பூஜை போட்டார்? அழித்ததை மீட்க 'அன்டெலிட்' என்று ஒன்று. அதுவும் உள்ளேயே.

அடித்தேன். அழிந்த ஃபைல்கள் வரிசையாக வந்தன. முதல் எழுத்து இருந்த இடத்தில் மட்டும் கேள்விக்குறி. அது என்ன எழுத்து என்று என்னிடமே கேட்டது. 'எம்' அடித்தேன். மலர் வந்துவிட்டது. அழுதேன் – சந்தோஷத்தில் இல்லை. ஒரே ஒரு ஃபைல் பாதிதான் வந்தது, உட்கார்ந்து திரும்ப அடித்தேன்.

அழித்த பிறகு மெஷினில் வேறெதையும் ஏற்றாமல் இருந்தால்தான் இப்படி வருமாம். பூஜைக்காகத் தொடாமல் கிடந்ததால் பிழைத்திருக்கிறது. இதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்தேன். மலரை இரண்டு புது பிளாப்பியில் ஏற்றி, திரும்பப் படித்துப் பார்த்து, என் கைப்பையில் வைத்தேன். பிறகு மெஷினில் இருந்ததை அழித்தேன். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை.

7.10.95, சனி

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மன் காப்பாத்திட்டா! பூஜை வீண் போகலை பாரு."

எனக்கு வந்ததே ஒரு கோபம். "மிச்சம் என்கிட்ட இருக்கு அண்ணாச்சி. எங்க வீட்டுக்கு வந்து, எங்கண்ணன்கிட்ட நடந்ததைச் சொல்லுங்க. அப்புறம் தாரேன்."

"என்ன, மிரட்டுறியா?"

"ஆமா."

8.10.95, ஞாயிறு

சாயங்காலம் ஒரு சீப்புப் பழத்தோடு வந்தார். "அழிக்கச் சொன்னது நான்தான் மாரிசெல்வம். சந்தனம் வச்சது எங்க வீட்டுல..."

"யாரு அண்ணாச்சி?" என்றேன்.

பழத்தைப் பார்த்தார். "நான்தான்ப்பா. பாப்பா மேல தப்பில்ல. சின்னத்துரைகிட்டயும் சொல்லிர்றேன்."

அண்ணன் என்னைப் பார்க்காமல், காபி போடச் சொன்னான். நான் போடவில்லை. அம்மா போட்டாள். பிளாப்பி ஒன்றைக் கொடுத்தேன். இன்னொன்று என்னிடமே இருக்கட்டும்.

அவர் போன பிறகு அண்ணன் கேட்டான்: "நாளைக்கு எந்த பஸ்ஸுக்குப் போகணும்?" மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இவன் வாயில் வராதா?

20.10.96, ஞாயிறு

ஆயுத பூஜை. பிளாப்பிகளை எல்லாம் நேற்றே பீரோவில் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மெஷினைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க வைக்கட்டும் பாப்பா?"

வாசல் கதவைக் காட்டினேன்.