கடைசி அரைமணி நேரம்

இன்று மதியம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கூடாரத்தின் கதவு 'உஸ்' என்று திறக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. எட்டு வருஷமாகப் பார்க்காமல் கிடந்த முடிவை இன்று பார்த்தேன். பார்த்ததிலிருந்து உங்கள் மேல் வருகிற கோபத்தை இந்த வீட்டில் யாரிடம் காட்டுவது? அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் ஒரு படத்தையாவது முழுதாகப் பார்த்தோமா? நாமக்கல்லில் மதியக் காட்சி முடிவதற்குள் மலைக்குக் கடைசி பஸ் கிளம்பிவிடும். கடைசி அரைமணி நேரத்தை விட்டுவிட்டு ஓடுவோம். ஊரே சண்டைப் படத்துக்கும் காதல் படத்துக்கும் அலைய, நமக்கு மட்டும் ராக்கெட்டும் ரோபோவும் வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் நாமே ஒரு முடிவைக் கட்டிவிடுவோம். வேற்றுக்கிரகத்துக்காரன் ஏன் எப்போதும் பட்டணத்திலேயே வந்து இறங்குகிறான், நம் மிளகுத் தோட்டத்தில் இறங்கினால் ஆகாதா என்று நான் சண்டை பிடிப்பேன். மலைமேல் செம்மேட்டுக்கு வழி கேட்டே அவன் களைத்துப் போவான் என்பீர்கள். விஞ்ஞானப் படம் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்க வேண்டும், அழுது புலம்பி மெஷினை ஓட்டக் கூடாது என்பது என் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான்.

இந்தப் படத்துக்கு வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு வந்தேன். யாருமில்லாத ஒரு கிரகத்தில், அந்தக் கண்ணாடிக் கூடாரத்துக்குள் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருக்கிறார்கள். காற்றுத் தொட்டி ஓட்டையாகிவிட்டது அவனுக்குத் தெரியும், தூங்குகிற அவளுக்குத் தெரியாது. அவன் கதவருகே போகிறான். அங்கேதான் நாம் எழுந்து ஓடினோம். திரும்பும்போது வளைவுக்கு வளைவு நான் வாந்தி எடுத்தேன். பிள்ளை பிறக்கும்வரை இனிப் படம் வேண்டாம், முடிவை எப்போதாவது சேர்ந்தே பார்ப்போம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

தை மாதம் மிளகு விற்கத் தனியாகக் கீழே போனீர்கள். அன்று திரும்பவில்லை. மறுநாள் காலையில் வந்து, அந்தப் படம் இன்னும் ஓடியது, முடிவைப் பார்த்தேன், பஸ் போய்விட்டது என்றீர்கள். என்னை விட்டுவிட்டுப் பார்த்தீர்களே என்று எனக்கு ஆத்திரம். மூன்று நாள் உங்களிடம் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

நாலாம் நாள் நீங்களாகவே முடிவைச் சொன்னீர்கள்.

"அவ தூங்கட்டும்னு உட்டுட்டு, சத்தமில்லாம கதவச் சாத்திட்டு வெளிய போயிட்டான் புள்ள. இருக்கிற காத்து அவளுக்குப் போதும்."

"எழுப்பிச் சொன்னா என்னங்க?"

"சொன்னா அவளும் பயந்துக்குவா."

சித்திரையில் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கீழே ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "தை மாசமே ஒரு ராத்திரி இங்கதானம்மா படுத்திருந்தாரு, ஆபரேஷன் பண்ணணும்னு அப்பவே சொன்னமே" என்றார். கைப்பிள்ளையோடு நின்று, அத்தனை பேர் முன்னால் அவரிடம் கத்தினேன். "யாரையோ நெனச்சுப் பேசறீங்க. எங்க ஊட்டுக்காரரு அன்னிக்குப் படம் பாக்கப் போனாருங்க."

இத்தனை வருஷமும் அந்த நல்ல மனிதர்தான் ஆள் மாறிப் பேசினார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்று பார்த்தேன். அவன் வெளியே போகவே இல்லை. கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து அவளை எழுப்புகிறான். விஷயத்தைக் கேட்டதும் அவள் ஓங்கி ஒரு அறை விடுகிறாள். அப்புறம் செடி வளர்க்கிற அறையிலிருந்து குழாயைப் பிடுங்கி வந்து தொட்டியில் சொருகுகிறாள். இரண்டு பேரும் பிழைத்துக்கொள்கிறார்கள். குழாயைச் சொருகினால் காற்று வந்துவிடுமா என்றெல்லாம் கேட்கத் தோன்றுகிறதுதான். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அதற்கே ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன்.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. என்னை எழுப்பியிருந்தால் நானும் ஒரு அறை விட்டிருப்பேன். அப்புறம் தோட்டத்தை விற்றாவது உங்களை ஆபரேஷனுக்குச் சேர்த்திருப்பேன். மாசமாக இருக்கிறவள் பயப்படுவாள் என்று என்னைக் கேட்காமல் நீங்களே எப்படி முடிவு செய்யலாம்? யாரோ படம் எடுத்தவனுக்குத் தெரிந்தது என்னோடு குடித்தனம் நடத்திய உங்களுக்குத் தெரியவில்லையே.

படம் முடிந்ததும் மகள், "அப்பா இந்தப் படம் பாத்திருக்காருங்களாம்மா?" என்று கேட்டாள். பாதிதான் பார்த்திருக்கிறார் என்றேன்.

அந்த மூன்று நாள் என்னோடேயே இருக்கிறது. அதைவிட நாலாம் நாள். முடிவைச் சொல்லிவிட்டு வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். படம் எப்படி என்று கேட்கிறீர்கள் என நினைத்தேன். "நல்லாவே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.