முப்பத்தொன்றாம் பொறி

ஜூன் 9

இன்று எண்ணும் நாள். நாற்பது பொறிகள், பதினொரு கிலோமீட்டர், ஒரு சைக்கிள். பெண் அந்துப்பூச்சியின் வாடையை ஒரு சின்னக் குப்பியில் ஏற்றிப் பொறிக்குள் வைத்திருக்கிறது. மயங்கி வரும் ஆண் பூச்சிகள் பசைத்தாளில் ஒட்டிக்கொள்ளும். “எந்த ஜென்மத்துலயும் ஆம்பளைக்கு இந்தப் புத்தி போகாது போல” என்பார் என் வீட்டுக்காரர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பருத்திக்காயைப் பிளந்தால் பாதிக்குப் பாதி இந்தப் பூச்சியின் சிவப்புப் புழு. பிறகுதான் அரசாங்கப் பணத்தில் இந்தத் திட்டம் வந்தது. பிப்ரவரிக்குள் எல்லோரும் செடியைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை பொறியை எண்ண வேண்டும். எண்ண ஆள் கேட்டபோது எட்டாவது படித்த நான் கை தூக்கினேன். இன்று முப்பத்தொன்பது பொறிகளிலும் சேர்த்து ஆறே ஆறு பூச்சி! சைக்கிளில் பாட்டு வந்தது.

ஆனால் முப்பத்தொன்றாம் பொறியில் மட்டும் இருபத்தேழு. மூன்று தடவை எண்ணிவிட்டேன்.

அது அண்ணன் வயலோரம் இருக்கிறது.

ஜூன் 10

காரணம் தெரிந்துவிட்டது. அண்ணனின் மோட்டார் அறைக்குப் பின்னால் போன வருடத்துப் பருத்திக் குச்சி, ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறது. காய்ந்த காய் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். இரண்டு விதை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. பிரித்தால் நடுவில் புழு, சுகமாகப் படுத்திருக்கிறது.

அழித்துவிட்டதாக எல்லோரோடும் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர் அவர்.

ஜூன் 11

அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

“விறகுக்கு வெச்சிருக்கேன். அதுக்குள்ள போய் நோண்டச் சொன்னது யாரு?”

“அண்ணா, அதுலேர்ந்துதான் பூச்சி கிளம்புது. புதுச் செடி இப்பத்தான் தலை தூக்குது.”

“வேலை கிடைச்சதும் கூடப் பொறந்தவனையே காட்டிக் கொடுக்கிறியா? நல்லா இரு.”

அண்ணி கையில் தேநீரோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார். நான் குடிக்காமலே வந்துவிட்டேன். காட்டிக் கொடுக்கிறேனா? நான்தானே முதல்ல அவர்கிட்ட வந்து சொன்னேன்? வேற யார்கிட்ட சொன்னேன்? அழக் கூடாது, அழக் கூடாது – அழுதாச்சு.

ஜூன் 13

திட்ட அலுவலர் கூப்பிட்டனுப்பினார். இருபத்தைந்தாம் தேதி ஆய்வுக் குழு வருகிறதாம். திட்டத்தைத் தொடரலாமா, இத்தோடு மூடிவிடலாமா என்று அவர்கள்தான் சொல்வார்களாம். நல்ல மனிதர், பயந்துபோயிருக்கிறார். மேசை விசிறிக் காற்றில் தாள்கள் பறக்க, ஒவ்வொன்றாக அமுக்கிப் பிடித்தபடியே பேசினார்.

“இந்த முப்பத்தொண்ணாவது பொறி மட்டும் காத்துல விழுந்து கெட்டுப்போச்சுன்னு எழுதிடலாமாம்மா?”

“விழலையே சார்.”

“விழலதான்…”

பதிவேட்டில் 27 என்று பேனாவை அழுத்தியே எழுதினேன்.

ஜூன் 16

முப்பத்தொன்றில் இன்று நாற்பத்திரண்டு. குவியல் அப்படியே இருக்கிறது. அண்ணன் எதிரே வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஜூன் 21

அண்ணி கடைத்தெருவில் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ சொன்னப்புறம் தினமும் போய் அந்தக் காயையே உடைச்சு உடைச்சுப் பாக்குறார். கேட்டா எரிஞ்சு விழறார்.”

ஜூன் 25

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூடக் கூடத்தில் கூட்டம். பயிரிடுகிற எல்லோரும் வந்திருந்தார்கள். அண்ணன் கடைசி வரிசை. குழுத் தலைவரம்மா பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “பூச்சிதான் ஒழிஞ்சுபோச்சே. இன்னும் எதுக்கு அரசாங்கம் செலவு பண்ணணும்?”

நான் எழுந்துவிட்டேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ!

“முப்பத்தொண்ணாவது பொறியப் பாருங்கம்மா. இருபத்தேழு, நாப்பத்திரண்டு, முந்தாநேத்து முப்பத்தெட்டு. எண்ணினதாலதான் ஒரே நாள்ல, அது எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சேன். எண்ணாம விட்டிருந்தா காயைப் பிளக்கிற அன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கும். அன்னைக்குத் தெரிஞ்சு என்னம்மா பண்றது?”

“எங்கேர்ந்து வருது?”

ஊரே என்னைப் பார்க்கிறது. என் வாயால் எப்படிச் சொல்வேன்?

பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. “என் எடத்துலேர்ந்துதான்.” அண்ணன் நின்றுகொண்டிருந்தார். “செடியப் பிடுங்கினேன், அழிக்கல. விறகாகுமேன்னு வெச்சேன். தங்கச்சி வந்து சொன்னா. அவளத்தான் திட்டினேன்.” என் பக்கம் கையைக் காட்டி, “அவ எண்ணினது ஒண்ணுகூடத் தப்பில்லீங்க” என்றார்.

என்னைப் பற்றி அவர் நாலு பேர் முன்னால் பேசி இதுவரை நான் கேட்டதில்லை. அத்தனை பேர் பார்க்கத் தலை குனிந்து நின்றவர் அவர். நான் மட்டும் ஏனோ ஒரு முழம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தேன். அவரை நினைத்துத்தான்.

ஜூன் 26

குவியலை எரித்தாயிற்று. அண்ணி, நான், அண்ணன் மூன்று பேருமாக. “தள்ளி நில்லு, புகை” என்றார் அண்ணன் ஒருமுறை.

ஆகஸ்ட் 18

உத்தரவு வந்துவிட்டது. இன்னும் ஐந்து வருடம்! ஆற்றுக்கு அக்கரைக்கும் சேர்த்து. செடியைப் பொடியாக்கி மண்ணோடு கலக்கும் இயந்திரமும் உண்டு. அறிக்கையில் என் பதிவேட்டின் ஒரு பக்கத்தை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள், என் கோணல் எழுத்தோடு. வீட்டுக்காரர் அதை எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனவர் ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லை.

அக்டோபர் 30

அண்ணன் வயலில் நூறு காய் பிளந்தோம். மூன்றில்தான் புழு. மற்றதெல்லாம் வெள்ளை வெளேர்.

ஜனவரி 27

காலையில் அண்ணன் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர், அரை மனசாக.

“மிஷினுக்கு முதல் பேரு என்னோடது. அடுத்தது இவங்க.”

“இன்னும் ஒரு பறிப்பு பாக்கி இருக்கே அண்ணா?”

“இருக்கு” என்றார். “அது போனாப் போகட்டும்னு இவங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கத்தான் விடியற்காலையிலேர்ந்து தொண்டை வத்திப்போச்சு. நீ தேதியைச் சொல்லு.”