கஞ்சி குடித்த கார்

8-2-38, செவ்வாய்

மல்லசமுத்திரம் போய் வந்தேன். பூவாத்தாளுக்கு இது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் வீட்டிலேயே, இரண்டு நாள் வலிக்குப் பிறகு, உயிரில்லாமல் பிறந்தவை. இடுப்பெலும்பு குறுகல். தானாகப் பிறக்க வழியே இல்லை. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி எடுத்தால்தான் இரண்டு உயிரும் தங்கும். பங்குனி முதல் வாரத்தில் நாள்.

மாமியார் கந்தம்மாளிடம் முன்கூட்டியே சேலத்தில் சேர்க்கச் சொன்னேன். “வலி வரட்டுமுங்க, அப்புறம் பாக்கலாம். முன்னாலயே கொண்டுபோயி ஆஸ்பத்திரில போட்டு வெக்க அவளுக்கு என்ன சீக்கா?” என்றார். தொண்டை வறளப் பேசியும் அசையவில்லை. கடைசியில் ஒன்றுக்கு மட்டும் இறங்கிவந்தார்: வலி கண்டதும் ராசிபுரத்துக்கு எனக்கு ஆள் அனுப்புவது, நான் காரில் போய் ஏற்றிக்கொண்டு சேலம் ஓடுவது.

“உங்க காரு வருமுங்களா?”

“நான் வரும்னா வரும்” என்றேன்.

நல்ல வெயில். எனக்குச் சொம்பில் மோர் தந்தார்கள். டிரைவர் அம்மாசியை வாசலுக்கு வெளியே நிற்கவைத்துக் கையில் ஊற்றினார்கள்.

16-2-38, புதன்

காலையில் காருக்கடியில் ஒரு கையகல ஈரம். குனிந்து பார்த்தால் ரேடியேட்டரில் ஊசி குத்திய மாதிரி ஓட்டை. இஞ்சினில் சூடேறி வருகிற தண்ணீர் ஆறுகிற இடமே அதுதான். அங்கேயே ஒழுகினால் வண்டி எப்படி ஓடும்?

கழற்றி ஈயம் வைக்கவேண்டும், இரண்டு நாள் வண்டி நிற்கும் என்றான் அம்மாசி. இரண்டு நாளா! நோயாளிகள் இரண்டு நாள் காத்திருப்பார்களா? யோசித்தேன். அப்புறம் வண்டியை நேரே தறி நெய்கிற குமாரசாமி மாமா வீட்டுக்கு விடச் சொன்னேன். தெருவில் தறிக்கான பாவு நூலை விரித்து, அப்போதுதான் நூலுக்குப் போடும் கஞ்சி காய்ச்சி இறக்கியிருந்தார். நூலின் சிலும்பையெல்லாம் படியவைத்து விறைக்கச் செய்கிற கஞ்சி, ஒரு ஊசி ஓட்டையை அடைக்காதா? நானும் பத்து வயது வரை அந்தத் தெருவில் பாவுக்குக் கஞ்சி போட்டவள்தானே. ஒரு போகணி நிறைய வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினேன்.

அம்மாசிக்குப் பிடிக்கவில்லை. “வேண்டாமுங்கம்மா. கஞ்சி நூலுக்குங்க. இதுக்குள்ள பூராம் சன்னக் குழாயா இருக்குதுங்க.”

“டாக்டருக்கு எல்.எம்.பி. படிச்சது நீயா, நானா?” என்று கேட்டேன். அவனுக்கு இது ஏர்க்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரைக்கு ஒன்பது வருஷம் கார் ஓட்டியதில் வந்த மிதப்பு.

18-2-38, வெள்ளி

ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். நெசவுக்காரி மகள் என்றால் சும்மாவா!

3-3-38, வியாழன்

வையப்பமலை தாண்டியதும் ரேடியேட்டர் மூடி மேல் இருக்கிற கண்ணாடித் தெர்மாமீட்டரில் சிவப்பு உச்சிக்கு ஏறிவிட்டது. புஸ்ஸென்று ஆவி. நின்றுவிட்டோம். ஆறவிட்டு மூடியைத் திறந்தால் உள்ளே பாதித் தண்ணீர்கூட இல்லை.

“காலைல தண்ணி பாத்தயா?” என்று அம்மாசியைக் கேட்டேன்.

“பாத்தனுங்கம்மா. கழுத்து முட்ட ஊத்துனனுங்க.”

கீழே தரை காய்ந்து கிடக்கிறது. ஒழுக்கு இல்லை. ஒழுகாத பாத்திரத்தில் தண்ணீர் குறைந்திருந்தால் என்ன அர்த்தம்? ஊற்றவே இல்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு எதற்கு? சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணறு தேடிப் போனான்.

வழியில் போன மல்லசமுத்திரத்து வண்டிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதெல்லாம் கந்தம்மாள் காதுக்குப் போகாமல் இருக்குமா?

7-3-38, திங்கள்

மறுபடியும்! ஆண்டகளூர் கேட் பக்கத்தில், ஐந்து மைல்கூடப் போகவில்லை. காலையில் ஊற்றினேன் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறான். பங்குனிக்கு இன்னும் ஒரு வாரம். பூவாத்தாளை ஏற்றிக்கொண்டு போகும்போது இப்படி நின்றால்? நடுரோட்டில் வைத்துக் கத்தினேன். “பொய் சொல்றவன் எனக்கு வேண்டாம், நாளையிலிருந்து வராதே” என்றேன்.

“நான் பொய் சொல்லலீங்க” என்றான். அவ்வளவுதான். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியைத் தூணோரம் வைத்துவிட்டுப் போனான்.

போகட்டும். வண்டி ஓட்ட எனக்கே தெரியும். (கற்றுக்கொடுத்தது அவன்தான். இருக்கட்டும்.)

9-3-38, புதன்

என் கையால் ஊற்றினேன். மூன்று சொம்பு, கழுத்து முட்ட, வழிகிற வரைக்கும். மூடியை நானே திருகினேன். நானே ஓட்டினேன்.

ஆறாவது மைலில் கொதித்தது.

ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் அவன் ஊற்றித்தான் இருக்கிறான். ஒழுகவில்லை, கொதித்துக் கொதித்து ஆவியாகவே போயிருக்கிறது. இது ஏன் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை? டாக்டராம் டாக்டர்.

10-3-38, வியாழன்

சரி. அழுதுகொண்டிருந்தால் ஆகாது. நோயாளியைப் பார்க்கிற மாதிரி முறையாகப் பார்ப்போம். காய்ச்சல் என்பது நோய் இல்லை, நோயின் அடையாளம். எதனால் காய்ச்சல்?

காற்றாடிப் பட்டை தளர்ந்திருக்கிறதா? விரலால் அழுத்தினேன், விறைப்பாகத்தான் இருக்கிறது. இஞ்சினுக்கு உள்ளேயே எங்காவது வெடித்துத் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறதா? அளவுக்கம்பியை உருவிப் பார்த்தேன். கலந்திருந்தால் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இது நல்ல எள்ளெண்ணெய் நிறம். ரப்பர்க் குழாய்கள் இரண்டும் முழுசு. அப்புறம் என்னதான்டா உனக்கு?

மாமா வந்து எட்டிப் பார்த்தார். “இன்னுங் கொஞ்சங் கஞ்சி ஊத்தலாமா, சாரதாமணி?” என்றார். சிரித்துவிட்டேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

11-3-38, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தது தெரிந்ததும் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டரைக் கையால் தொட்டுக்கொண்டே வந்தேன், காய்ச்சல்காரன் உடம்பைத் தொடுகிற மாதிரி. மேல்பக்கம் கை வைக்க முடியவில்லை. நடுவில் வெதுவெதுப்பு. அடியில் — சில்லென்று இருக்கிறது! மேலே தலை கொதிக்கிறது, கால் ஜில்லிட்டுக் கிடக்கிறது. ரத்தம் கீழே இறங்கவில்லை. நடுவில் அடைப்பு.

ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிற திருகைத் திறந்தேன். தண்ணீர் ஓடி வரவில்லை. பழுப்பாக, கூழ் மாதிரி, சொத்து சொத்தென்று விழுந்தது. புளித்த வாடை. எனக்குத் தெரிந்த வாடை. மாமா வீட்டில் பழைய கஞ்சிப் பானையில் வருமே, அதே வாடை.

நான் ஊற்றிய கஞ்சி. ஓட்டையை மட்டும் அடை என்று அதனிடம் யார் சொன்னது? சன்னக் குழாய் அத்தனையும் அடைத்துக்கொண்டு பசையாகக் காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. “இதுக்குள்ள பூராம் சன்னக் குழாயா இருக்குதுங்க” — சொன்னானே! ஊற்றும்போதே சொன்னானே! பொய்யன் என்று துரத்தினேன்.

அவன் இடத்தில் மாமா இருந்து “ஊத்தினேன்” என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா, மாட்டேனா? நம்பியிருப்பேன். இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு?

12-3-38, சனி

அம்மாசி குடியிருக்கிற தெருவுக்கு நடந்தே போனேன். அவன் பெண்சாதி ஆராயி என்னைக் கண்டதும் யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டாள். வாசலிலேயே நின்று, அவள் காதில் விழும்படியே சொன்னேன்: “நீ தண்ணி ஊத்தினது நிஜம். கஞ்சிதான் அடைச்சிருக்குது. தப்பு என் மேல. நீ திரும்பி வரணும்.”

துண்டை உதறித் தோளில் போட்டான். அப்புறம், “வாரேனுங்கம்மா. ஒண்ணே ஒண்ணுங்க. இனிமே என்னைப் பாத்து ‘தண்ணி பாத்தயா’ன்னு கேக்கப்படாதுங்க” என்றான்.

“கேக்கல” என்றேன். எனக்கா அது முடியும்? முடியவேண்டும்.

14-3-38, திங்கள்

இரண்டு நாளாக ரேடியேட்டர் கீழேதான் கிடந்தது. தலைகீழாகக் கவிழ்த்து, சலவைச் சோடா போட்ட கொதிநீரைக் குடம் குடமாக ஊற்றினோம். வந்தது, வந்தது, கஞ்சி வந்துகொண்டே இருந்தது. “ஒரு பாவுக்கு ஆகுமுங்க” என்றான் அம்மாசி. பதினோராவது குடத்தில்தான் தெளிந்த தண்ணீர். ஓட்டைக்கு ஈயம் வைத்தாயிற்று. சாயங்காலம் மாட்டினோம். ஓட்டிப் பார்க்க நாளைக்குத்தான் நேரம்.

15-3-38, செவ்வாய்

நாள் முழுக்க வாந்திபேதிக் கேஸ்கள். வண்டியைத் தொடவே இல்லை.

17-3-38, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. காலை ஒன்பது மணிக்கு மல்லசமுத்திரத்து ஆள் சைக்கிளில் வந்தான். விடியலிலிருந்து வலி. ஒரு மைல்கூட ஓட்டிப் பார்க்காத வண்டி! அம்மாசியைப் பார்த்தேன். “போலாமுங்க” என்றான். ஏறிவிட்டேன்.

போய் இறங்கினால் கந்தம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறார். “ரோட்ல பொகை கக்கி நின்ன காருதானுங்களே இது? நடுவழில என் மருமவ செத்தா யாருங்க பொறுப்பு? ஊட்டுலயே ஆனது ஆகட்டும்.”

“வண்டியைக் கெடுத்தது நான். சரி பண்ணினது அம்மாசி. இது சேலம் போகும்னு அவன் சொல்றான். அவன் சொன்னா நான் நம்பறேன். விடுங்க ஆத்தா!” என்று நானும் கத்தினேன். அந்த அம்மாள் அப்போதுதான் அவன் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். உள்ளே பூவாத்தாள் அலறினாள். வழி விட்டுவிட்டார்.

ஆட்டையாம்பட்டி வரை சிவப்பு பாதியில் நின்றது. அதற்கப்புறம் ஏறத் தொடங்கியது. உச்சி வெயில், வண்டியில் நாலு பேர், பின்னால் பூவாத்தாளின் முனகல். சிவப்பு முக்கால். தண்ணீர் பார்த்தானா? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சாமி சத்தியமாக, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“ஏறுமுங்க. அங்கயே நின்னுக்குமுங்க” என்றான் அவனாகவே.

நின்றது. முக்காலுக்கு மேல் ஒரு நூல் ஏறவில்லை. ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல். மூன்றே காலுக்குப் பெண் குழந்தை. அழுதது. நானும்தான்.

4-4-38, திங்கள்

தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். பூவாத்தாள் மெலிந்திருக்கிறாள், ஆனால் வாய் ஓயவில்லை. கிளம்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் நல்ல வெயில். கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

பேத்தியை மடியில் வைத்திருந்த கந்தம்மாள் கேட்டார்: “ஏனுங்க டிரைவரே, தண்ணி பாத்துட்டீங்களா?”

அம்மாசி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். “பாத்தாச்சுங்க ஆத்தா” என்று சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

வீட்டில் இறங்கியதும் மோர் வந்தது. எனக்கு ஒரு சொம்பு. வாசலுக்கு வெளியே நின்ற அம்மாசிக்கு, கந்தம்மாள் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்த இன்னொரு சொம்பு. நாங்கள் போன பிறகு அந்தச் சொம்பை என்ன செய்தார்களோ, எனக்குத் தெரியாது. அவன் நிதானமாகக் குடித்து முடிக்கிற வரைக்கும் நான் வண்டியில் ஏறவில்லை.