கொட்டகைப் பூட்டு திறக்காத நாளிலிருந்து

மார்ச் 3, ஞாயிறு

தவளை தன் வாயால் கெடும். நான் நேற்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கெட்டேன்.

மகளுக்கு மரப்பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். சொந்தக் கருவிகளோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே மேஸ்திரி ஆளைப் பார்ப்பதற்கு முன் கருவியைத்தான் பார்ப்பாராம். பிடிக்காவிட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவாராம். கடனோ உடனோ பட்டுப் புதுசு வாங்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் சோற்றுக் கையை ஆட்டிச் சொன்னேன்: "உனக்கு எதுக்கும்மா புதுசு? பின்னாடி ஷெட்ல ஒரு செட்டே வச்சிருக்கேன். புத்தம் புதுசு மாதிரி!"

இன்று காலை பூட்டில் சாவி நுழைந்தது. திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன், சாவி பாதியாக என் கையில் வந்தது. கோபத்தில் பூட்டைப் பிடித்து ஓர் இழு. கொண்டி, திருகாணி, கதவு எல்லாம் ஒன்றாகப் பெயர்ந்து, நான் பின்பக்கமாக உட்கார்ந்தேன், மடியில் கதவு.

சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு டெய்லரின் தலை. "அண்ணே, பூட்டு மட்டும் பத்திரமா இருக்கு பாருங்க!"

உள்ளே பெட்டி. பெட்டிக்குள் உளி, இழைப்புளி, ரம்பம், மூலைமட்டம். எல்லாம் ஒரே பழுப்பு. எது எதோடு ஒட்டியிருக்கிறது என்றே தெரியவில்லை.

மகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "புத்தம் புதுசா?" என்று மட்டும் கேட்டாள்.

தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை எனக்கு. இருபத்தாறு வருஷமாக ஊரார் வீட்டுக் கொல்லையெல்லாம் எட்டிப் பார்த்தவன். என் கொல்லையைப் பார்த்தேனா?

மார்ச் 4, திங்கள்

மகள் ஓர் உளியை உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். "மேலதான்ப்பா துரு. உள்ள இரும்பு நல்ல இரும்பு. இப்ப இப்படிக் கிடைக்காது." இதைக் கேட்டதும் அந்த இரும்பை நானே உருக்கி வார்த்தது போல ஒரு நிமிர்வு வந்தது எனக்கு. வெட்கம் கெட்டவன்.

சாயங்காலம் நான்கு பாட்டில் வினிகர் வாங்கி வந்தேன். வீட்டுக்காரி: "இவ்வளவு எதுக்குங்க? ஊறுகாயா போடப் போறீங்க?"

"ஆமா. உளி ஊறுகாய்."

மார்ச் 6, புதன்

ஒரு ராத்திரி முழுக்க ஊறியது, வீட்டுக்காரியின் பெரிய பேசினில். (அவளுக்கு இன்னும் தெரியாது.) காலையில் எடுத்து இரும்பு நாரால் தேய்த்தேன். கறுப்புச் சேறு வழிந்து, அடியிலிருந்து வெள்ளி மாதிரி ஒரு பளபளப்பு! உளியில் என் மூக்கு தெரிந்தது. பாதி மூக்குதான், போதாதா?

நல்ல தண்ணீரில் அலசி, கொட்டகைப் பலகையில் கடைக்காரன் மாதிரி வரிசையாக அடுக்கிவிட்டு வேலைக்குப் போனேன். பார்த்த மீட்டரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

மார்ச் 7, வியாழன்

மறுபடி துரு. எல்லாவற்றிலும். மஞ்சள் தூள் தூவியது போல.

"சமையல் சோடாத் தண்ணில கழுவணும், ஈரம் போகத் துடைக்கணும், உடனே எண்ணெய் பூசணும். சொன்னேன்லப்பா?"

சொன்னாள். நானும் தலையாட்டினேன். என் தலை ஆடும். உள்ளே எதுவும் போகாது. பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார் கண்டுபிடித்த உண்மை.

பேசின் விஷயமும் இன்று வெளியே வந்துவிட்டது. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டாம் சுற்று. வினிகர், நார், சோடா, துணி. டெய்லர் தையல் மிஷின் எண்ணெய் ஒரு புட்டி கொடுத்தார். "அண்ணே, என் மிஷினுக்கே நான் இவ்ளோ போட்டதில்ல," என்றார். இந்தத் தடவை அவள் சொன்னபடியே செய்தேன், ஒன்றைத் தவிர. கடைசியில் ஒவ்வொன்றையும் பாலித்தீன் உறையில் போட்டு, காற்றுக்கூடப் புகாமல் நூல் சுற்றிக் கட்டினேன். அது என் சொந்த மூளை.

மார்ச் 15, வெள்ளி

என் சொந்த மூளை.

இரண்டு நாள் மழை. உறையைப் பிரித்தால் உள்பக்கம் வியர்த்து முத்து முத்தாகத் தண்ணீர். ரம்பத்தில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் நனைந்தது. அண்ணாந்து பார்த்தேன் — தகரத்தில் பழைய ஆணி ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு தயாராக நின்றது. சுவரின் கால் பச்சை பூத்திருக்கிறது.

இரண்டு வாரமாக நோயாளியைக் குளிப்பாட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவன் படுத்திருக்கிற பாய் ஈரம் என்று பார்க்கவில்லை.

இன்னும் பதினாறு நாள். "கடன் வாங்கிடலாமாம்மா?" என்று கேட்டேன். அதைக் கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "முதல்ல ஷெட். அப்புறம் உளி. நாளன்னிக்கு லீவுதானே உங்களுக்கு?"

மார்ச் 17, ஞாயிறு

இன்று எனக்குக் கிடைத்த பதவி: ஏணி பிடிப்பவர்.

மேலே அவள். பழைய ஆணியைப் பிடுங்கி, ரப்பர் வளையம் போட்ட திருகாணி வைத்து, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தாள். எதிரெதிர்ச் சுவரில் கூரைக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குப் பலகையை அறுத்து எடுத்துவிட்டாள், காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போக. தரையில் செங்கல் பரப்பி மேலே பலகை. நான் நடுவில் ஒரு யோசனை சொன்னேன். "அப்பா, ஏணி," என்றாள்.

டெய்லர் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "பொண்ணு கூரை போடுது, அப்பன் ஏணி பிடிக்கிறான். நல்ல வேலைதான் அண்ணே!"

"உங்க பையன் என்ன பிடிக்கிறான்?" என்றேன். உள்ளே போனார். பாவம், சாயங்காலம் போய்ச் சமாதானம் செய்தேன்.

கொட்டகையைக் காலி செய்தபோது மூலையிலிருந்து ஒரு கட்டையை இழுத்தாள். முழங்கை நீளம், ஒரு பக்கம் உருட்டி இழைத்தது, மறுபக்கம் கோணல். "இது என்னப்பா?"

"ஏதோ கட்டை."

டீயோடு வந்த வீட்டுக்காரி கட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன். தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மகள் கட்டையை முகர்ந்தாள். "கரையான் எல்லாத்தையும் தின்னுருக்கு, இதை விட்டுருக்கு பாருங்க. நல்லா காஞ்ச மரம்." தூக்கிப் போடவில்லை.

மார்ச் 21, வியாழன்

ராத்திரி மழை கொட்டியது. விடிந்ததும் வெறுங்காலோடு கொட்டகைக்குள் போய் நின்றேன். உள்ளங்கால் காய்ந்திருந்தது. காய்ந்த காலைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மார்ச் 24, ஞாயிறு

மூன்றாம் சுற்று. பாலித்தீன் இல்லை. எண்ணெய்த் துணியால் துடைத்து, ஆணியில் தொங்கவிட்டாள். பதினொன்று. சாணைக்கல்லில் அவள் உளி தீட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவசரமே இல்லாத சத்தம். தீட்டியதும் முழங்கை முடியில் வைத்து ஓர் இழு. மழுமழு என்று வந்தது. எனக்குக்கூட இப்படி ஷேவ் வராது.

அகல உளியின் பிடியைக் கரையான் அரித்திருந்தது. அந்தக் கட்டையை எடுத்து, கோணல் பக்கத்தை அறுத்துத் தள்ளிவிட்டுப் பிடி செதுக்க ஆரம்பித்தாள்.

"அதுவா?" என்றேன்.

"வேற கட்டை இருக்கா?"

இல்லை.

மார்ச் 31, ஞாயிறு

டெய்லர் பழைய கூடாரத் துணியில் பதினொரு அறை வைத்த ஒரு பை தைத்துக் கொடுத்தார், சுருட்டிக் கட்டுகிற மாதிரி. உள்ளே துடைத்து வைத்தது நான். நாலு தடவை துடைத்தேன். ஐந்தாம் தடவைக்கு, "போதும்ப்பா, தேஞ்சிடும்," என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 1, திங்கள்

மூன்று வீட்டில் மீட்டரைத் தப்பாகப் படித்தேன். ஒரு வீட்டுக்காரர் என் கணக்குப்படி ஒரு ஏரியையே குடித்திருக்கிறார்.

ஆறு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்வரைகூட எங்களால் பொறுக்க முடியவில்லை.

மேஸ்திரி பையை விரித்தாராம். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தாராம். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்ததாம். கடைசியில், "யாரு வச்சிருந்தது?"

"எங்கப்பா. இருபத்தி மூணு வருஷமா வச்சிருந்தார்."

"நல்லா வச்சிருக்காரே மனுஷன்!"

இதைச் சொல்லிவிட்டு என் மகள் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வீட்டுக்காரி அதற்கு மேல். மகள் மேஸ்திரியிடம் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே... அந்த ஆள் பாராட்டியது யாரை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நெஞ்சு இவ்வளவு நிமிர்கிறது.

அகல உளியை மட்டும் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாராம். "பிடி யாரு போட்டது?" "நான்தாங்க." ஜன்னலோர மேசையைக் காட்டி, "அது உன்னுது," என்றாராம்.

ஏப்ரல் 6, சனி

முதல் வாரம் முடிந்தது. கொட்டகை காய்ந்து கிடக்கிறது. பூட்டு புதிது, எண்ணெய் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து அவள் உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அகல உளியை உள்ளங்கையில் உருட்டினாள். "மத்த பிடியெல்லாம் மதியத்துக்கு மேல கை வலிக்குது. இது அப்படியே உக்காருதுப்பா. நெஜமா சொல்லுங்க, என்ன கட்டை இது?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"பழைய கட்டைம்மா. எண்ணெய் போட்டியா?"

"போட்டாச்சு."

பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது, கொஞ்சம் பலமாக.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். நீ பிறக்க ரெண்டு மாசம் இருந்தது. என் கையாலேயே தொட்டில் செய்றேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வாங்கின உளிங்க இதெல்லாம். நாலு காலுல ஒண்ணுதான் முடிஞ்சுது. அதுவும் கோணல். அந்தக் காலைத்தான் நீ நேராக்கிக் கையில பிடிச்சிருக்கே.